இரத்தப் புற்றுக்கு ஓர் அளவுகோல்

நாட்பட்ட இரத்தப் புற்றுக்கு மாத்திரை உண்டு வரும் ஒருவர், ஆறு திங்கள் கழிந்தபின் மருத்துவர் முன் வந்து அமர்கிறார். வீங்கியிருந்த மண்ணீரல் சுருங்கிவிட்டது. இழந்த எடை திரும்பிவிட்டது. இரத்தச் சோதனைச் சீட்டில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை, நம்மில் எவருக்கும் இருக்கக்கூடிய அளவிலேயே காணப்படுகிறது. "இனியும் எதற்கு மாத்திரை? மூன்று திங்களுக்கு ஒரு முறை இரத்தம் எடுப்பதுதான் எதற்கு?" என்று அவர் கேட்பாராயின், அக்கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த வரையில் நோய் போய்விட்டது. மருத்துவரோ வேறொரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் அச்சிட்டிருக்கும் ஒரே ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டி, "இன்னும் போகவில்லை" என்கிறார். அவ்வெண் யாது, அஃது எவ்வாறு பெறப்படுகிறது, கண்ணால் காண்பதை விட்டு அதனை ஏன் நம்பவேண்டும் என்பவற்றை இன்று ஆராயப் புகுகின்றோம்.

நாட்பட்ட இரத்தப் புற்றுக்கள் பல வகையின. அவற்றுள் நாம் எடுத்துக்கொள்வது, எலும்பு மஜ்ஜையில் தோன்றும் நாட்பட்ட மயலாய்டு லூக்கீமியா என்பது. 1845-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் பென்னெட் என்னும் மருத்துவரும், பெர்லினில் விர்ஹோ என்னும் மருத்துவரும், இறந்தவர்களின் உடலை ஆய்ந்தபோது, இரத்தம் வெளுத்திருக்கக் கண்டு அதனைத் தனித்தனியே எழுதி வைத்தனர். வெள்ளை இரத்தம் என்னும் பொருள்படவே விர்ஹோ பின்னர் லூக்கீமியா என்ற கிரேக்கப் பெயரை இட்டார். நலமுள்ளவரின் இரத்தத்தில், ஒரு கன மில்லிமீட்டரில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். இந்நோயில் அவை ஒரு லட்சத்தையும் இரண்டு லட்சத்தையும் எட்டுவதுண்டு. சில ஆண்டுகள் நோய் மெல்ல நடக்கும்; பிறகு ஒரு நாள் குணம் மாறிக் கொடியதாகும்; அதன்பின் எஞ்சுவன பெரும்பாலும் சில திங்களே.

இங்கே ஒரு பழைய அனுபவத்தை நாம் மறத்தலாகாது. 1950-களில் புசல்ஃபான் என்னும் மருந்து இந்நோய்க்கு வழங்கலாயிற்று. அதனை உண்டவர்களுக்கு வெள்ளணுக்கள் இறங்கின, மண்ணீரல் சுருங்கியது, பலர் தம் வேலைக்கே திரும்பினர். ஆயினும் அந்தக் கொடிய கடைநிலை வராமற் போகவில்லை. எண்ணிக்கை நல்லதாயிருந்த காலத்திலேயே நோய் உள்ளே தன் வழியில் நடந்துகொண்டிருந்தது. மருத்துவர்கள் எண்ணியது வெள்ளணுக்களை. எண்ணியிருக்க வேண்டியது நோயுற்ற வெள்ளணுக்களை. ஆனால் முதிர்ந்த நோயணுவும் நல்ல அணுவும் நுண்ணோக்கியின் கீழ் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிய ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

அவ்வடையாளம் கிடைத்தது 1960-இல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில். அங்குப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய பீட்டர் நோவெல் என்பவர், இரத்தப் புற்று அணுக்களை வளர்த்து ஆராய்ந்து வந்தார். ஒரு முறை கண்ணாடித் தகட்டிலிருந்த அணுக்களைக் குழாய்த் தண்ணீரால் கழுவினார். அணுக்கள் நீரை உறிஞ்சி உப்பின. அவற்றினுள் சுருண்டு கிடந்த குரோமோசோம்கள் விரிந்து தனித்தனியே தென்பட்டன. மனிதனின் குரோமோசோம்கள் 46 என்பதே 1956-இல்தான் உறுதியாகியிருந்தது. எனவே இக்காட்சி அந்நாளில் அரியது. அதே நகரின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்த டேவிட் ஹங்கர்ஃபோர்டும் நோவெலும் சேர்ந்து நோக்கியபோது, இந்நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் அளவுக்கு மீறிக் குட்டையாயிருக்கக் கண்டனர். அந்தக் குட்டைக் குரோமோசோமுக்கு இன்றும் அந்நகரத்தின் பெயரே வழங்குகிறது.

குட்டையானதன் எஞ்சிய பகுதி எங்கே போயிற்று? பதின்மூன்று ஆண்டுகள் எவரும் அறிந்திலர். 1973-இல் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி என்னும் அம்மையார் அதற்கு விடை கண்டார். புதிய சாயமுறையால் குரோமோசோம்களில் பட்டைகளைத் தோன்றச் செய்து, புகைப்படம் எடுத்து, அப்படங்களைக் கத்தரியால் வெட்டி, வீட்டு உணவு மேசைமீது வரிசைப்படுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். அம்மாவுக்குக் காகிதப் பொம்மை விளையாடச் சம்பளம் தருகிறார்கள் என்று அவர் மக்கள் கேலி செய்ததுண்டாம். அந்த மேசைமீதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. 22-ஆம் குரோமோசோமின் நுனி காணாமற் போகவில்லை. அது 9-ஆம் குரோமோசோமின் முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன.

1980-களில் ஆராய்ச்சியாளர், துண்டுகள் ஒட்டிய இடத்தையே திறந்து நோக்கினர். 9-ஆம் குரோமோசோமிலிருந்து ஏ.பி.எல். என்னும் ஜீன் பெயர்ந்து வந்து, 22-இல் உள்ள பி.சி.ஆர். என்னும் ஜீனின் முறிந்த முனையில் ஒட்டியிருந்தது. ஒட்டு மாமரம் போன்ற இவ்விணைப்பை நாம் 'ஒட்டு ஜீன்' என்றே அழைப்போம். இயல்பான ஏ.பி.எல்., அணுவுக்குப் பெருகுமாறு கட்டளையிடும் ஒரு புரதத்தை ஆக்குவது. வேண்டும்போது திறந்து வேண்டாதபோது அடைக்கும் மதகு போன்றது அப்புரதம். ஒட்டு ஜீன் ஆக்கும் புரதமோ பலகை பெயர்ந்த மதகு. வெள்ளம் ஓய்வின்றிப் பாய்கிறது. அணுக்கள் ஓய்வின்றிப் பெருகுகின்றன.

இனி, ஜீன் வெளிப்படுதல் என்று விஞ்ஞானிகள் கூறுவதன் பொருளைக் காண்போம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் மூலப் பதிவேடு அலமாரியை விட்டு வெளியே வாராது. வேண்டுவோர்க்கு அதன் நகலே எழுதித் தரப்படும். அணுவிலும் அப்படியே. ஜீன் என்னும் மூலம் கருவினுள் இருக்கும். அதைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்னும் நகல்கள் எழுதப்பெற்று வெளியே செல்லும். அந்நகலைப் படித்தே புரதம் ஆக்கப்படும். நகல் எழுதப்படுவதுதான் ஜீனின் வெளிப்பாட்டுக்கு முதற்படி. ஒட்டு ஜீன் உள்ள அணுவில் பாதி பி.சி.ஆரும் பாதி ஏ.பி.எல்லுமான ஒட்டு நகல் எழுதப்படும். நல்ல அணுவில் இத்தகைய நகலுக்கு மூலமே இல்லை. ஆகவே ஒட்டு நகல்களை எண்ணுவது நோயை எண்ணுவதாகிறது. மிக நுண்ணிய சோதனைகளில், நலமுள்ள சிலரிடமும் ஏதோ ஒன்றிரண்டு நகல் தென்பட்டதுண்டு. அதனால்தான் நோயை முதலில் உறுதிப்படுத்தும்போது மருத்துவர்கள் நகலோடு இரத்த எண்ணிக்கை, மஜ்ஜை, குரோமோசோம் ஆகியவற்றையும் சேர்த்தே பார்ப்பர்.

மூலத்தையே தேடாமல் நகலைத் தேடுவானேன் என்று நேயர்கள் வினவலாம். நல்ல வினா. குரோமோசோம் முறியும் இடம் ஆளுக்கு ஆள் வேறுபடும். மூலத்தில் ஒட்டைத் தேடுவதாயின், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே கருவி சமைக்க வேண்டும். ஆனால் நகல் எழுதும்போது, பொருளற்ற இடைப்பகுதிகளை அணுவே வெட்டி எறிந்து, பொருளுள்ள பகுதிகளை மட்டும் சேர்த்துத் தைக்கிறது. எங்கே முறிந்திருந்தாலும், தைத்தபின் பெரும்பாலோரிடம் ஒட்டு இரண்டே வகையில் அமைந்துவிடுகிறது. ஒரே சோதனை ஏறக்குறைய அனைவருக்கும் பயன்படுகிறது.

ஆயின் சில துளி இரத்தத்தில், லட்சத்தில் ஒன்றாய் மறைந்திருக்கும் நகலை எண்ணுவது எங்ஙனம்? இரண்டு கண்டுபிடிப்புக்கள் இதற்கு வழி வகுத்தன. 1970-இல் டெமின், பால்டிமோர் என்னும் இருவர், ஆர்.என்.ஏ. நகலிலிருந்து டி.என்.ஏ.வைத் திரும்ப எழுதும் ஒரு நொதியைத் தனித்தனியே கண்டறிந்தனர். 1983-இல் கேரி மல்லிஸ் என்பவர், ஒரு டி.என்.ஏ. துண்டை இரட்டித்து இரட்டித்துப் பெருக்கும் முறையை வகுத்தார். இம்முறைக்கும் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம் உண்டு. தமிழில் எழுதினால் அதுவும் நம் ஜீனும் ஒரே பெயராகித் தொலையும்! ஆதலால் அதனைப் பெருக்கல் முறை என்போம். சதுரங்கக் கட்டங்களில் நெல் வைத்த கதையை அறிந்தவர்க்கு இதன் ஆற்றலைச் சொல்லத் தேவையில்லை. பத்து முறை இரட்டித்தால் ஒன்று 1,024 ஆகும். இருபது முறையில் பத்து லட்சத்தைத் தாண்டும். முப்பது முறையில் நூறு கோடியைத் தாண்டும்.

பெருகும் துண்டுகள் ஒளிரும்படி ஒரு சாயத்தைச் சேர்த்து, எத்தனையாவது சுற்றில் ஒளி தோன்றுகிறது என்று கருவி கவனிக்கிறது. தொடக்கத்தில் நகல் மிகுந்திருந்தால் ஒளி முந்தித் தோன்றும், குறைந்திருந்தால் பிந்தும். பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் ஏறக்குறைய மூன்றேகால் சுற்றுப் பிந்தும். இக்கணக்கினின்று தொடக்க எண்ணிக்கையைப் பெறுகின்றனர். ஆனால் ஒருவர் கொடுத்த இரத்தத்தில் அணுக்கள் மிகுதியாயும் மற்றொருவர் கொடுத்ததில் குறைவாயும் இருக்கலாம். வழியில் சில நகல்கள் சிதைந்தும் போயிருக்கலாம். ஆகையால் எல்லா அணுக்களிலும் இருக்கும் வேறொரு ஜீனின் நகலையும் உடன் எண்ணி, நூற்றுக்கு எத்தனை ஒட்டு நகல் என்று விகிதமாகக் கூறுகின்றனர். மருத்துவர் சுட்டிக்காட்டிய எண் அந்த விகிதமே.

இதிலும் ஒரு தொல்லை எழுந்தது. முற்காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் மாறியிருந்ததை நம் முதியோர் அறிவர். ஓர் ஊரில் பத்து மரக்கால் நெல் அடுத்த ஊரில் ஒன்பதாகவும் பதினொன்றாகவும் ஆகும். ஆய்வுக்கூடங்களும் அப்படியே இருந்தன. ஒரே இரத்தத்தை இரு கூடங்களுக்கு அனுப்பினால் இரு எண்கள் வந்தன. 2006-இல் பல நாட்டு வல்லுநர் ஒருங்கே கூடி வகுத்த முறை வெளியிடப்பட்டு, சர்வதேச அளவுகோல் ஒன்று நிலைபெறத் தொடங்கியது. சிகிச்சை தொடங்காத நோயாளிகளின் சராசரி நிலை நூறு சதவீதம். அதிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் 0.1 சதவீதம். 2010-இல் உலக சுகாதார நிறுவனம் ஒப்பு நோக்குதற்குரிய மாதிரிப் பொருள்களையும் ஏற்பாடு செய்தது. தன் கூடத்து எண்ணைப் பொது எண்ணாக மாற்றிக்கொள்ளாத ஆய்வுக்கூடத்தின் சீட்டு, நம் கருத்தில், பாதிப் பயனே உடையது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கூறலாம். நோய் கண்டறியப்படும் நாளில் உடலில் இருக்கும் நோயணுக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. சிகிச்சையால் அவை பத்தில் ஒரு பங்காகக் குறையும் தறுவாயிலேயே இரத்த எண்ணிக்கை இயல்பாகிவிடக்கூடும். அப்போதும் பத்தாயிரம் கோடி அணுக்கள் எஞ்சியிருக்கும். குரோமோசோம் சோதனையில் வழக்கமாக இருபது அணுக்களையே பார்ப்பர். நூற்றில் ஒன்றாக இருக்கும் நோயணு அதில் அகப்படாமற் போவது எளிது. 0.1 சதவீதம் என்னும் நல்ல நிலையை அடைந்தவரிடமும் நூறு கோடி நோயணுக்கள் இருக்கக்கூடும். சீட்டில் எல்லாம் சரி என்று காட்டும் இரத்த எண்ணிக்கை, ஏரியின் மேல்மட்டத்தை மட்டும் பார்த்தது. நகல் சோதனையோ அடிச்சேறு வரை கோல் விட்டுப் பார்ப்பது.

இவ்வளவு நுண்மையாக அளப்பதற்கு ஏற்ற மருந்தும் வாய்த்ததே இந்நோயாளிகளின் நற்பேறு. பலகை பெயர்ந்த மதகுக்குப் பலகையாக வந்து பொருந்தும் இமாட்டினிப் என்னும் மாத்திரையை 1998-இல் நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கினர். 2001-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. 1,106 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனையில், இம்மாத்திரையோடு தொடங்கியவர்களுள் பத்தாண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு எண்பத்து மூவர். முன்னர்ச் சில ஆண்டுகளே வாழ்வளித்த நோய் இது என்பதை நினைவிற் கொண்டால் இவ்வெண்ணின் அருமை புலப்படும்.

மாத்திரை தொடங்கியபின் மூன்றாந் திங்களில் எண் 10 சதவீதத்திற்கும், ஆறாந் திங்களில் ஒரு சதவீதத்திற்கும், ஓராண்டில் 0.1 சதவீதத்திற்கும் இறங்கவேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்துக்கொண்ட படிகள். இறங்காவிடில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "மாத்திரையைத் தவறாமல் உண்கிறீர்களா?" என்பதே. இதனைச் சம்பிரதாயக் கேள்வி என்று எண்ணிவிடலாகாது. லண்டனில் 87 நோயாளிகளிடம், திறக்கும் ஒவ்வொரு முறையும் தானே குறித்துக்கொள்ளும் மூடியிட்ட மாத்திரைப் புட்டிகளை மூன்று திங்கள் கொடுத்துப் பார்த்தனர்; முடிவு 2010-இல் வெளியாயிற்று. மாத்திரைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உண்டவர்களுள், ஆறாண்டில் 0.1 சதவீதத்தை எட்டும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. அதற்குக் குறைந்தவர்களுக்கோ இருபத்தெட்டே. திங்களுக்கு மூன்று நாள் மறந்தால் அந்த வரம்பை எட்டிவிடுகிறோம் என்பதை நேயர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். தவறாமல் உண்டும் எண் ஏறினால், ஒட்டு ஜீன் தன் எழுத்து ஒன்றை மாற்றிக்கொண்டு மருந்துக்கு இடம் கொடாமல் நிற்கிறதோ என்று ஆராய்ந்து, வேறு மாத்திரைக்கு மாறுவர். கொடிய நிலை வருமுன் மாறுவதற்கு அவகாசம் தருவது இவ்வெண்ணே.

எல்லா நாட்பட்ட இரத்தப் புற்றுக்கும் இத்தகைய அளவுகோல் வாய்க்கவில்லை. நிணநீர் அணுக்களில் தோன்றும் நாட்பட்ட வகையில், ஸாப்-70 என்னும் ஜீனின் வெளிப்பாடு மிகுந்தோர்க்கு நோய் விரைந்து முற்றுகிறது என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரியவந்து, பெரும் நம்பிக்கையை எழுப்பியது. ஆனால் அந்த ஜீன் நல்ல அணுக்கள் சிலவற்றிலும் வெளிப்படுவது. மிகுதி எது, குறைவு எது என்று கோடு கிழிப்பதில் ஆய்வுக்கூடங்கள் ஒத்துப்போகவில்லை. செவ்வணுக்கள் மிகையாகும் நோயில் 2005-இல் கண்ட ஜாக்-2 மாற்றமோ, மூலத்திலேயே ஓர் எழுத்துப் பிழை; நோயை உறுதிப்படுத்த மிக உதவுவது. நோயணுவுக்கே உரிய நகல், நோயை நடத்துவதும் அதே ஜீன், மருந்து தாக்குவதும் அதே புரதம் என்று மூன்றும் ஓரிடத்தில் கூடியது மயலாய்டு வகையின் தனிச்சிறப்பு.

நம் நாட்டில் இந்நோய், மேலைநாடுகளில் காண்பதைவிட இளவயதினரையே மிகுதியாகப் பற்றுகிறது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும், குடும்பத்தைத் தாங்கும் வயதில். மாத்திரையின் விலை இங்குப் பெரிய வழக்காகவே ஆயிற்று. இம்மருந்தின் ஒரு படிக வடிவத்திற்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நோவார்ட்டிஸ் நிறுவனம் கொடுத்த விண்ணப்பம் 2006-இல் மறுக்கப்பட்டது. 2013 ஏப்ரல் முதல் நாள் உச்ச நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதி செய்தது. இந்திய நிறுவனங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் அம்மருந்தை ஆக்கி வந்தன. மாத்திரை இவ்வாறு எட்டும் விலைக்கு வந்தது. ஆனால் சோதனை அதே வேகத்தில் சிற்றூர்களை எட்டவில்லை. ஆர்.என்.ஏ. விரைவில் சிதைவது, எடுத்த இரத்தம் ஓரிரு நாளில் ஆய்வுக்கூடம் சேரவேண்டும். தொலைவிலிருந்து வருபவர் ஒரு நாட் கூலியையும் பயணச் செலவையும் இழந்து வரவேண்டும். காசநோயைக் கண்டறியப் பல மாவட்டங்களிலும் வைத்திருக்கும் சிறு பெட்டி போன்ற கருவியிலேயே, வேறு குப்பியை இட்டு இச்சோதனையையும் சில மணி நேரத்தில் செய்யக்கூடும். கருவி இருக்கும் இடங்களிலேனும் இதற்கு வழி செய்தால் பலருடைய அலைச்சல் தீரும் என்பது நம் துணிபு.

மாத்திரையை என்றேனும் நிறுத்தலாமா? மருந்து உண்ணும் காலத்தில் கருவுறலாகாது என்பதால், இளம் பெண்களுக்கு இக்கேள்வி வாழ்க்கைக் கேள்வியே. பிரான்சு நாட்டில், இரண்டாண்டுக்குக் குறையாமல் ஒட்டு நகல் தென்படாதிருந்த நூறு பேர் மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்தினர். முடிவுகள் 2010-இல் வெளிவந்தன. ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டினருக்கு ஓராண்டு வரை நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுள் பெரும்பாலோர்க்கு அது முதல் ஆறேழு திங்களுக்குள் தெரிந்துவிட்டது; மாத்திரையை மீண்டும் தொடங்கியதும் எண் மறுபடி இறங்கியது. இது நடந்தது, தொடக்கத்தில் திங்கள்தோறும் நகலை எண்ணி வந்ததால். அவ்வாறு எண்ண வசதியில்லாத இடத்தில், உடல் நன்றாயிருக்கிறது என்று தாமே நிறுத்திக்கொள்வது வேறு காரியம். அவர்களுக்கு நோய் திரும்பியதை அறிவிப்பது வீங்கிய மண்ணீரலாகவே இருக்கும்.

சீட்டைப் படிப்பது பற்றி ஒரு சில சொற்கள். எண் 0.02-இலிருந்து 0.04-க்கு ஏறிவிட்டது என்று உறக்கம் இழக்கவேண்டா. இவ்வளவு சிறிய அளவில் சோதனையே இப்படி அசையக்கூடியது. 0.1-ஐத் தாண்டினால் சோதனையை விரைவில் மறுபடி செய்து பார்ப்பர். 'காணப்படவில்லை' என்று அச்சிட்டிருந்தால், ஒப்புக்காக எண்ணிய மற்ற ஜீனின் நகல்கள் எத்தனை என்று பக்கத்தில் பாருங்கள். அவை பத்தாயிரத்துக்குக் குறைந்திருந்தால், நோய் காணப்படவில்லை என்பதற்குப் பதில், இரத்தம் வழியில் கெட்டுவிட்டது என்பதும் பொருளாகலாம். கூடுமான வரை ஒரே ஆய்வுக்கூடத்திலேயே சோதித்து, சீட்டுக்களைத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் முழுக் கோப்பையும் கொண்டு செல்க.